சிறுபான்மை மாணவர்களுக்கான கணித, அறிவியல் கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன், பழங்குடி மாணவர்கள் பலர் பொறியியலோ இயற்பியலோ படிக்கும் கனவோடு கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டுக் கணிதத்திலேயே இடறி வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். இதைச் சரிசெய்ய முனைவோர் செய்யும் முதல் தவறு, விசாரிக்காமலே காரணத்தை முடிவு செய்துவிடுவது. 1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் பருவ நுண்கணிதத்தை முடித்த கறுப்பின மாணவர்களில் 60 விழுக்காட்டினர் டி அல்லது எஃப் என்ற மிகக் குறைந்த தரமே பெற்றிருந்தனர். ஆர்வமின்மை, பலவீனமான பள்ளி அடித்தளம், குடும்பத்தின் அக்கறையின்மை, வறுமை என்று பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள். கணித ஆய்வாளர் யூரி ட்ரைஸ்மன், 20 கறுப்பின மாணவர்களும் 20 சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அருகிலிருந்தே கவனித்தபோது, அவற்றில் ஒன்றும் நிற்கவில்லை. சீன வம்சாவளி மாணவர்கள் தனியே படித்த பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தனர். கறுப்பின மாணவர்களோ சொன்ன நேரம் தவறாமல் படித்தும், பெரும்பாலும் தனியாகவே போராடினர். தமக்குப் புரியாதது பிறருக்கும் புரியவில்லை என்பதை அறியக்கூட அவர்களுக்கு வழியில்லை.

இதைவிடப் பெரிய தவறு, உதவி என்ற பெயரில் பாடத்தை எளிதாக்கிவிடுவது. பின்தங்கியோருக்கான துணை வகுப்பு என்று அறிவித்தாலே, நல்ல மாணவர் அந்தப் பக்கம் வரமாட்டார். வருபவர் தம்மைக் குறைவாக எண்ணிக்கொள்வார். ட்ரைஸ்மன் பின்னர் தாம் தொடங்கிய கணிதப் பயிலரங்கைச் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கான திட்டமாகவே நடத்தினார். வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாகத் தீர்க்கச் செய்தார். அதில் பங்கேற்ற கறுப்பின, லத்தீன் மாணவர்கள் வெள்ளையின, ஆசிய வகுப்புத் தோழர்களையும் விஞ்சினர்.

அனுபவத்தில் ஊன்றாமல் நேராகக் குறியீடுகளுக்குத் தாவுவதும் தவறே. மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய பாப் மோசஸ், 1980களில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் முதலில் சுரங்க ரயிலில் பயணம் செய்வார்கள். பிறகு அந்தப் பயணத்தை வரைவார்கள், தம் சொந்தப் பேச்சில் விவரிப்பார்கள். அதற்குப் பின்னரே எந்த நிலையத்தில் தொடங்கினோம், எத்தனை நிலையம் கடந்தோம், எந்தத் திசையில் என்று செறிவாகச் சொல்லப் பழகி, இறுதியில் மிகை, குறை எண்களுக்கு வந்து சேர்வார்கள். "எத்தனை?" என்ற கேள்வியை மட்டுமே அறிந்திருந்த பிள்ளைக்கு "எந்தப் பக்கம்?" என்ற கேள்வியும் கணிதத்துக்கு உரியதுதான் என்பது இங்கேதான் விளங்குகிறது.

கல்லூரி வகுப்புகளில் அவ்வப்போது ஒரு குழுச் செயல்பாட்டை நடத்திவிட்டுத் திருப்தியடைவதும் போதாது. மாணவர் பங்கேற்கும் கற்பித்தல் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வின்படி, இத்தகைய மாணவர்களுக்கும் பிறருக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிய பாடங்களில்தான் இடைவெளி சுருங்கியது.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரு நல்லாசிரியரின் தோளில் ஏற்றிவிடுவது. 1982இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு பள்ளியில் ஹைமே எஸ்கலான்டேயின் மாணவர்கள் 18 பேரும் கல்லூரித் தர நுண்கணிதத் தேர்வில் தேறினர். காப்பியடித்திருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் மறுதேர்வு எழுத நேர்ந்த 12 பேரும் மீண்டும் தேறினர். அவருடைய வேகத்தைப் புகழ்வோர், அதற்கு முந்தைய வகுப்புகளின் பாடத்தை அவர் ஆண்டுக்கணக்கில் சீர்படுத்தியதை மறந்துவிடுகிறார்கள். 1991இல் அவர் விலகிய பின் அங்கே தேறுவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. எனவே இத்தகைய முயற்சியைத் தொடங்கும் பள்ளி, நுண்கணித ஆசிரியரைத் தேடும் முன் தன் எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தை யார், எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.