'அண்டர்டேக்' என்று எழுதியிருக்கிறதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

மணலியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, வண்ணாரப்பேட்டையில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தாலும் சரி, ஒரு தாளை நீட்டி "இங்க ஒரு சைன் போடுங்க" என்பார்கள். அதன் முதல் வரி பெரும்பாலும் 'ஐ ஹியர்பை அண்டர்டேக்' என்று ஆரம்பிக்கும். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவசரப்படுத்துகிறார், நாமும் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எப்படிப் படிப்பது, நாமே எழுத வேண்டி வந்தால் எப்படி எழுதுவது என்று ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொண்டால் அந்த மேசை முன்னால் நிதானமாக நிற்க முடியும்.

அண்டர், டேக் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுத வேண்டும், நடுவில் இடைவெளி கிடையாது. சொல்லும்போது அழுத்தம் 'டேக்' மேல் விழும். இறந்த காலம் அண்டர்டுக், அதற்கு அடுத்த வடிவம் அண்டர்டேக்கன்.

இதற்கு முக்கியமாக இரண்டு அர்த்தம். எது என்று தெரிய, அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். அடுத்து ஒரு வேலையின் பெயர் வந்தால், அந்த வேலையைக் கையில் எடுத்துச் செய்வது என்று பொருள். 'த கார்ப்பரேஷன் அண்டர்டுக் த ட்ரெயின் வொர்க்' என்றால் மாநகராட்சி கால்வாய் வேலையை எடுத்துச் செய்தது. இதில் வாக்குறுதி எதுவும் இல்லை, பயப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து 'டு' என்றோ 'தட்' என்றோ வந்தால் கதை வேறு. 'ஐ அண்டர்டேக் டு ரீபே த அமவுன்ட்' என்றால் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்று எழுத்தில் உறுதி கொடுக்கிறேன் என்று அர்த்தம். 'ஐ அண்டர்டேக் தட் ஐ வில் ரீபே' என்றாலும் அதேதான். 'அண்டர்டேக் ஃபார் பேயிங்', 'அண்டர்டேக் அபவுட்' என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு.

'நாட்' எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள், பலரும் கவனிக்காத இடம் இதுதான். 'ஐ அண்டர்டேக் நாட் டு லீவ் த ஜாப் பிஃபோர் மார்ச்' என்றால், மார்ச்சுக்கு முன்னால் வேலையை விடமாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். 'ஐ டு நாட் அண்டர்டேக் டு ஸ்டே டில் மார்ச்' என்றால், மார்ச் வரை இருப்பேன் என்று எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஒரே 'நாட்', இடம் மாறியதும் ஒருவர் கட்டுப்படுகிறார், இன்னொருவர் கட்டுப்படவில்லை. பாரிமுனையில் பார்சல் புக் செய்யும்போது ரசீதுக்குப் பின்னால் 'டஸ் நாட் அண்டர்டேக்' என்று பொடி எழுத்தில் இருந்தால் இந்த இரண்டாவது வகை: அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்கவில்லை என்று அவர்கள் விலகிக்கொள்கிறார்கள்.

அண்டர்டேக்கிங் என்பது இதன் பெயர்ச்சொல். அரசு அலுவலகத் தமிழில் உறுதிமொழி, உறுதிமொழிப் பத்திரம் என்பார்கள். ஆனால் இந்தியன் வங்கி பாஸ்புக்கில் 'ஏ கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா அண்டர்டேக்கிங்' என்று இருக்கிறதே, அது என்ன உறுதிமொழி என்று குழம்ப வேண்டாம். அங்கே அது முதல் அர்த்தத்திலிருந்து வந்தது, அரசு கையில் எடுத்து நடத்தும் நிறுவனம் என்று பொருள். 1907இல் தனியார் வங்கியாக இதே சென்னையில் தொடங்கிய இந்தியன் வங்கி, 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது அரசு வங்கியானது. அதனால்தான் அந்த வரி.

அப்புறம் மல்யுத்த அண்டர்டேக்கர். நம் பக்கத்துப் பிள்ளைகள் டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய காலத்திலிருந்தே தெரிந்த பெயர். ஆங்கிலத்தில் அண்டர்டேக்கர் என்றால் முதலில் ஒரு காரியத்தை ஏற்று நடத்துபவர் என்றுதான் பொருள். பிறகு சாவு காரியங்களை ஏற்று நடத்துபவருக்கு மட்டும் அது தனியாக நிலைத்துவிட்டது. அந்தக் கறுப்புத் தொப்பியும் சவப்பெட்டியும் அங்கிருந்து வந்தவை. அதனால் 'ஐ ஆம் தி அண்டர்டேக்கர் ஆஃப் திஸ் ப்ராஜெக்ட்' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். 'ஐ அண்டர்டுக் திஸ் ப்ராஜெக்ட்' போதும்.

விண்ணப்பம் என்றதும் இன்னொன்று. அண்டர்கோ வேறு, அண்டர்டேக் வேறு. நமக்கு நடப்பது அண்டர்கோ, நாம் ஏற்றுச் செய்வது அண்டர்டேக். அண்டர்கோவின் இறந்த காலம் அண்டர்வென்ட். அம்மாவுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது என்றால் 'மை மதர் அண்டர்வென்ட் சர்ஜரி'. இங்கே அண்டர்டுக் என்று எழுதினால் அம்மாவே ஆபரேஷன் செய்ததாகிவிடும். அப்ரன்டிஸ் பயிற்சி எடுத்ததைச் சொல்லவும் 'அண்டர்வென்ட் ட்ரெய்னிங்' என்று எழுதலாம்.

சரி, தாளுக்கு வருவோம். மூன்று வகைத் தாளை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். டிக்ளரேஷன் என்பது இப்போது உள்ளதை, ஏற்கெனவே நடந்ததைச் சொல்வது: என் வருமானம் இவ்வளவு, எனக்கு வேறு வீடு இல்லை. அண்டர்டேக்கிங் என்பது இனிமேல் செய்யப்போவதை, செய்யாமல் இருக்கப்போவதைச் சொல்வது. அஃபிடவிட் என்பது நோட்டரி போன்றவர் முன்னால் சத்தியம் செய்து கொடுப்பது, அதற்குள் டிக்ளரேஷனும் இருக்கலாம், அண்டர்டேக்கிங்கும் இருக்கலாம். கல்லூரியில் ராகிங்குக்கு எதிராக மாணவரும் பெற்றோரும் தர வேண்டிய உறுதிமொழி இப்படித்தான், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதிமுறைகளிலிருந்து வருகிறது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் எல்யூடி-யும் லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங்தான்: ஐஜிஎஸ்டி என்ற ஜிஎஸ்டி வரியைக் கட்டாமல் அனுப்புகிறேன், கெடுவுக்குள் ஏற்றுமதி ஆகாவிட்டால் வரியை வட்டியோடு கட்டுகிறேன் என்ற வாக்கு.

இதிலேயே கனமானது நீதிமன்றத்தில் கொடுக்கும் அண்டர்டேக்கிங். வாடகை வழக்கில் ஆறு மாதத்தில் காலி செய்கிறேன் என்று உயர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே காலி செய்யாமல் இருந்தால், அது வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் இடையிலான சங்கதி மட்டும் இல்லை. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி அது அவமதிப்பு. ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தம்புச் செட்டி தெருவில் உங்கள் வக்கீல் "சும்மா ஒரு அண்டர்டேக்கிங்" என்று சொன்னாலும், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அந்தத் தேதி உங்களால் முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படிக்கும்போது விரலை 'அண்டர்டேக்' மேல் வைத்து, அதற்குப் பின்னால் வரும் 'டு'-க்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று வாக்குறுதி கோத்திருப்பார்கள். 'இன்டெம்னிஃபை' வந்தால், அவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்டுவதாகச் சொல்கிறீர்கள். 'அன்கண்டிஷனலி' என்றால் எந்த நிபந்தனையும் இல்லாமல், அதாவது பிறகு காரணம் சொல்ல வழியில்லை. 'எனி லாஸ் வாட்சோஎவர்' என்றால் எந்த நஷ்டமானாலும், தொகைக்கு வரம்பே இல்லை. இப்படி இருந்தால் ஒரு தொகையையோ தேதியையோ சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மாற்றமாட்டோம் என்றால் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் விவரம் தெரிந்தவரிடம் காட்ட ஒரு நாள் கேளுங்கள். தொகையோ தேதியோ நிரப்பாமல் வெறும் கோடாக விட்டிருந்தால் கையெழுத்தே வேண்டாம்.

நீங்களே எழுதுவதாக இருந்தால் சின்னதாக எழுதுங்கள். பெயர், அப்பா பெயர், முகவரி, யாருக்கு எழுதுகிறீர்கள், பிறகு நேராக விஷயம்: 'ஐ அண்டர்டேக் டு சப்மிட் மை ஒரிஜினல் டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் ஆன் ஆர் பிஃபோர்' என்று போட்டுத் தேதி. ஒரு வாக்குறுதிக்கு ஒரு வாக்கியம். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டால் மட்டும் அடுத்த வரியில் அதை எழுதுங்கள், கேட்காததை நீங்களாகச் சேர்க்காதீர்கள். கீழே இடம், தேதி, கையெழுத்து. கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதாக அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.