நூலில் நிறம் குழைய ஓர் இழை போதும்

செம்பருத்தி இதழை வண்ணத்தில் தீட்டியதுபோலத் தைக்க வேண்டுமா? நூலைப் பிரிப்பதிலிருந்தே தொடங்குங்கள். காட்டன் எம்ப்ராய்டரி நூலில் 6 இழைகள் இருக்கும். இதற்கு ஒன்று போதும். 45 செ.மீ. வெட்டி, ஒரே ஓர் இழையை மெல்ல மேலே உருவுங்கள். மற்றவை சுருண்டாலும் நீவினால் சரியாகிவிடும். இரண்டு மூன்றைச் சேர்த்து இழுத்தால் சிக்குத்தான். நீளமாக வெட்டினால் துணியில் உரசி உரசி நூலில் பஞ்சு கிளம்பி, பளபளப்பு போய்விடும்.

ஊசி 10ஆம் எண். வளையத்தில் துணி விறைப்பாக இருக்கட்டும்.

தையல் போகும் திசையைப் பென்சிலால் கோடிட்டு, இதழின் விளிம்பைப் பிளவுத் தையலில் (முந்தைய தையலின் நூலைப் பிளந்து அடுத்ததைப் போடுவது) சுற்றுங்கள். அதை மூடியபடி, 8 மி.மீ., 5 மி.மீ. என நீளமும் குட்டையுமாக, பூவின் நடுவை நோக்கி முதல் வரிசை.

பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாம் வரிசையில்தான். முந்தைய தையல் முடிந்த இடத்தில் அடுத்த நிறத்தைத் தொடங்கினால், நடுவே வரப்பு போலக் கோடு விழும். அதற்குப் பதில், முந்தைய தையலுக்குள் அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி, நூலைப் பிளந்து ஊசியை மேலே எடுங்கள். ஏறும் அளவு ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் மாறட்டும். அப்போதுதான் சிவப்பு, ரோஜா நிறத்துக்குள் கரையும். கைத்தையலின் அழகே இந்த ஏற்ற இறக்கம்தான்!

பின்புறம் முடிச்சு வேண்டாம், சட்டமிடும்போது புடைக்கும். நூல்நுனியைத் தையல்களுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள்.