கடலோர ஓட்டு வீட்டில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்தில், நான் வழக்கமாகத் தங்கும் ஓட்டு வீட்டுக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். பையை இறக்கும் முன்பே ஒருவர், "அக்கா, ராத்திரிக்கு வஞ்சிரம் வறுவல்தானே?" என்றார். எனக்குப் பக்கென்றது. அதே அக்காவிடம் நானும் ஒருமுறை கேட்டது அதுதான். கொசுவத்தி, துண்டு, சார்ஜரெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

என்ன மீன் என்று நீங்களே முடிவு செய்வது

2018 ஜூன் முதல் வாரம். நாங்கள் ஆறு பேர். "வஞ்சிரம் வாங்கி வைங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முன்பெல்லாம் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, 45 நாள்தான். அந்தக் கணக்குதான் என் மனதில் இருந்தது. மீன் முட்டையிடும் காலம் என்று 2017-இல் அதை 61 நாளாக்கி, ஜூன் 14 வரை நீட்டிவிட்டார்கள். நான் விசாரிக்கவே இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. குமரியின் மேற்குக் கரையிலும் ஜூன் 1-இல் தடை தொடங்கியிருந்ததால் அங்கிருந்தும் மீன் வர வழியில்லை.

வீட்டுக்கார அக்கா இல்லை என்று சொல்லவில்லை. விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை மறுக்க அவருக்கு மனம் வராது. எங்கெங்கோ அலைந்து, ஐஸில் கிடந்த மீனை வாங்கி வந்தார். முற்றத்தில் அரிவாள்மனைக்கு முன் உட்கார்ந்து மீனைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த பள்ளம் எழவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு போய்ப் பழுப்பாக இருந்தது. பேசாமல் நறுக்கினார். பரிமாறும்போதுதான், "தம்பி, போட்டெல்லாம் கட்டிக் கிடக்கு, இதுதான் கிடைச்சுது" என்றார். பேசிய சாப்பாட்டுப் பணத்தில் மீன் விலைகூட அடங்கவில்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பக்கத்து வீட்டில் அன்று காலை கரையோரம் பிடித்த நெத்திலியைக் குழம்பு வைத்திருந்தார்கள். வாசனை எங்கள் இலை வரை வந்தது. தடைக்காலத்திலும் கட்டுமரமும் சின்னப் படகுகளும் கரையோரமாகப் போய்வரும். மத்தி, கவலை, காரப்பொடி என்று ஏதாவது கிடைக்கும். அதைக் கேட்கத் தெரியாமல் அவருக்கு நஷ்டம் வைத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதைத்தான் அந்தப் பையனும் செய்யப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். எது வந்தாலும் சாப்பிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விடிந்த பிறகும் தூங்குவது

வெயில் ஏறுவதற்குள் மீன் ஏலம் முடிந்துவிடும்.

வலை மேல் நடப்பது

சுற்றிப் போங்கள்.

புயல் கூண்டு ஏற்றிய பிறகும் தங்குவது

ஐப்பசி முதல் மார்கழி வரை துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அன்றே பஸ் ஏறிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் கூரையையும் படகையும் பார்ப்பார்களா, உங்களைப் பார்ப்பார்களா?

டிசம்பர் 26-இல் அறை கேட்பது

கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி வருவதால் பலர் கேட்கிறார்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாள் அது. காலையிலேயே பாலும் பூவுமாகக் கடலுக்குப் போவார்கள். வேறு தேதி பாருங்கள். முந்தின நாளே வந்து தங்கியிருந்தால் பாட்டுப் போடாதீர்கள். அக்கா கரையிலிருந்து திரும்பும் வரை டீ கேட்காதீர்கள்.