கொங்கு வறள்காட்டில் ஊர்வனவற்றைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து மேய்ச்சல் காடுகளைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த நிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெய்வதாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு நின்றுவிடுவதாலும், வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய ஊர்வன இங்கே நன்றாகவே பிழைத்துக்கொள்கின்றன. கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே விசிறித்தொண்டை ஓணானும், கரடுகள் என்னும் சிறு பாறைக் குன்றுகளில் பாறை ஓணானும், கிளுவை வேலியோரத்தில் அரணை, சாரை, சுருட்டை விரியன் ஆகியவையும் கண்ணில் படும். இவற்றைப் படமெடுக்க விரும்புவோர் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால் போதும்: நீங்கள் வருவதற்கு முன் அந்த உயிர் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதையே நீங்கள் கிளம்பும்போதும் செய்துகொண்டிருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாமே அதிலிருந்து வருபவைதான்.

முதலில் நில உரிமையைக் கவனிக்க வேண்டும். கொறங்காடு எனப்படும் இந்த மேய்ச்சல் நிலம் திறந்தவெளி போலத் தோன்றினாலும் ஒவ்வொரு காட்டுக்கும் உடையவர் இருக்கிறார். கிளுவை வேலியும் படல் என்னும் தட்டிக் கதவும் போட்டு, மாடுகளை மேய்ப்பவர் இல்லாமலேயே உள்ளே விட்டிருப்பார். "ஏனுங்க, உங்க காட்டுல கரட்டான் படம் எடுத்துக்கிறனுங்க" என்று (கரட்டான் என்றால் ஓணான்) கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். "எடுங்க கண்ணு, படலை மட்டும் சாத்திட்டுப் போயிருங்க" என்பதுதான் பதிலாக வரும். அந்தப் படலைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் மாடு சாலைக்குப் போகும், அடுத்து வருபவருக்கு அனுமதியும் கிடைக்காது. மாறாக, அமராவதி அணையை ஒட்டிய பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் பார்வையாளர்களுக்கான இடத்தில் நின்று படமெடுக்கலாம். ஆனால் நீர்த்தேக்கத்தில் காட்டு முதலைகளும் இருப்பதால் கரையோரம் இறங்குவது கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஊர்வன தம் உடல் வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுகின்றன என்பதை மறக்கக்கூடாது. காலை ஏழிலிருந்து பத்து மணி வரை கல்லின் மேல் அசையாமல் கிடக்கும் ஓணான் சோம்பிக் கிடக்கவில்லை. அன்றைய இரை தேடலுக்குத் தேவையான சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதைத் திரும்பத் திரும்ப விரட்டினால் அதன் அன்றைய பிழைப்பையே குறைக்கிறோம். சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் எல்லாமே வளைகளுக்கும் வேலி நிழலுக்கும் போய்விடும். அப்போது தேடி அலைவது அவற்றுக்கும் தொல்லை, நமக்கும் வீண். ஆண் பாறை ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தலையும் முதுகும் சிவந்து, உடலின் பக்கங்கள் கறுத்து நிற்பது கொங்குக் கரடுகளின் மிக அழகான காட்சிகளில் ஒன்று என்பது என் கருத்து. அந்த நிறம் நிலையானதன்று. துணையைக் கவரும்போதும் எதிரியை மிரட்டும்போதும் சில நிமிடங்களில் மாறிவிடும். மிரண்டு ஓடிய ஓணானிடம் அந்தச் சிவப்பை எதிர்பார்க்க முடியாது என்பதால், பொறுமை இங்கே நல்ல படத்துக்கும் அவசியமாகிறது.

அணுகும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேராக அதை நோக்கி நடக்காமல், பக்கவாட்டில் சாய்வாக, சில அடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று செல்லுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் மேலிருந்து விழும் நிழல் அதற்குப் பருந்தின் நிழல். ஓணான் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நிற்க வேண்டும். உடலைத் தரையோடு அழுத்தினாலோ கல்லின் மறுபக்கத்துக்கு நழுவினாலோ ஏற்கெனவே அளவு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், இரண்டடி பின்வாங்குங்கள். விசிறித்தொண்டை ஓணானில் ஆண், ஒரு சிறு கல்லின் மேல் ஏறி, முன்கால்களை ஊன்றி நெஞ்சை உயர்த்தி, தொண்டைக்குக் கீழிருக்கும் தோலைச் சட்டென்று விரித்து மடக்கும். எட்டி உட்கார்ந்து காத்திருந்தால் அதே கல்லுக்கு அது திரும்ப வருவதைப் பார்க்கலாம்; ஆகவே ஓணானைப் பின்தொடர்வதைவிடக் கல்லை நோக்கிக் கேமராவை வைத்துக் காத்திருப்பதே மேல்.

300 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள லென்ஸ் இருந்தால் தொலைவு தானாகக் கிடைக்கும். தரைமட்டத்தில், கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். விரிந்து மடங்கும் தொண்டைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/1000 பங்காவது இருக்கட்டும். ட்ரைபாடை விரித்துக்கொண்டிருப்பதற்குப் பதில், கம்புத் தானியம் போட்டுக் கட்டிய ஒரு சிறு துணிப்பையைத் தரையில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். செல்போன் மட்டும் உள்ளவர்கள் நெருங்குவதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள வெள்வேல மரத்தையும் செம்மண்ணையும் சேர்த்து எடுக்கலாம். உயிர் சிறிதாகவும் இடம் பெரிதாகவும் இருக்கும் படம் பல வேளைகளில் நெருக்கப் படத்தைவிட அதிகம் சொல்கிறது. இரவில் கெக்கோ போன்ற பல்லிகளின் கண்ணுக்கு நேராக டார்ச்சையும் ஃபிளாஷையும் அடிப்பதைத் தவிருங்கள்.

கல்லைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கோடையில் ஒரு கல்லின் அடியில் தங்கியிருக்கும் சிறு ஈரத்தை நம்பிப் பல்லியும் தேளும் வாழ்கின்றன. எவ்வளவு கவனமாகத் திரும்ப வைத்தாலும் கல் பழையபடி மண்ணோடு பொருந்துவதில்லை. அதே கல்லடியில் சுருட்டை விரியனும் இருக்கலாம். புற்றில் குச்சி விடுவதும் புகை போடுவதும் கூடாது. பாம்பின் மேல் குடத்தைக் கவிழ்த்து, அது சுருண்டதும் எடுத்துவிட்டுப் படம் பிடிப்பது, குளிரூட்டி மந்தமாக்கி எடுப்பது ஆகியவை வதை, அப்படி எடுத்த படத்தைக் கண்டால் பாராட்டாமல் இருப்பதே சரி.

நட்சத்திர ஆமையைப் பார்த்தால் தூக்கவே கூடாது. பாலைவன ஆமைகளில் நன்கு அறியப்பட்ட உண்மை ஒன்று உண்டு: பயந்தால் அவை சிறுநீரை வெளியேற்றிவிடும், வறண்ட மாதங்களில் அந்த நீர்தான் அவற்றின் சேமிப்பு. வறள்நிலத்து ஆமை எதற்கும் இதே எச்சரிக்கை பொருத்தமானது. உடும்பும் நட்சத்திர ஆமையும் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ளன; பிடிப்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்குரியவை. மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசும் மோசடியும் நடக்கிறது. ஆகவே இவை இருக்கும் இடம் பிடிப்பவர்களுக்குத் தெரியாதிருக்க, படமெடுப்பதற்கு முன்பே செல்போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். பின்னணியில் காற்றாலைக் கம்பத்தின் எண் தெரிந்தாலும் அது முகவரிதான். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே பழகியவர்கள் ஜெய்சல்மேர்ப் பக்கம் போனால் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தார் பாலைவனத்தின் முள்வால் பல்லி, கெட்டியான தரையில் வளை தோண்டி, உள்ளிருந்தபடி வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் வளை இருப்பதே தெரியாது. வண்டித்தடத்தை விட்டு ஜீப்பை இறக்கினால் வளை நொறுங்கும். சாலையோரத்தில் விற்கும் அதன் எண்ணெயையும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் கொங்கு நாட்டில் உண்டு. கண்ணாடி விரியன் பிரஷர் குக்கர் போலச் சீறும். சுருட்டை விரியன் செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். இரண்டுமே விலகச் சொல்லும் எச்சரிக்கை. கேட்டதும் கேமராவை இறக்கிவிட்டுப் பின்வாங்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ அணியுங்கள், வேலிக்குள் கையை விடாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கெடுதல். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கைக்கடிகாரங்களைக் கழற்றி, 108ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொடுக்கப்படும் நச்சுமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது என்பதால் பாம்பை அடித்துக் கொண்டுபோகவோ, அடையாளத்துக்காக மீண்டும் நெருங்கிப் படமெடுக்கவோ வேண்டியதில்லை.