கேஸ் தானாகத் தீராது: ஏசி, பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் மதுரையில் ஏசி மெக்கானிக்கின் போன் ஓயாது. முதல்முறை ஏசி வாங்கிய வீட்டுக்காரர்களும், ஐடிஐ முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும், நாங்கள் தொழில் பழகிய காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். 24 டிகிரியில் வையுங்கள், டிவியை சுவிட்சில் அணையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது

இன்னும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். வில்லாபுரத்தில் ஒரு வீடு. கோடைதோறும் ஒரு பையன் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். "போன சித்திரையிலதானே தம்பி போட்டோம், அதுக்குள்ள தீந்துருச்சா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "வெயில் ஜாஸ்திம்மா, காலியாயிரும்" என்று சொல்லியிருக்கிறான். நான் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தபோது, குழாயை இணைக்கும் பிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய் பிசுபிசுத்தது. சோப்பு நுரையைத் தடவியதும் குமிழ் வந்தது. அத்தனை வருடமும் ஏற்றிய கேஸ் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், வேறு காரணமே கிடையாது.

இதில் பணம் போவது பாதிக் கதைதான், சுற்றுச்சூழலும் கெடுகிறது. பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்ற கேஸ் 1 கிலோ காற்றில் கலந்தால், 100 ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் அது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒன்றரை டன் ஏசியில் கிட்டத்தட்ட அவ்வளவு கேஸ் இருக்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் அந்த 1 கிலோ கேஸ் ஏறத்தாழ 2,900 யூனிட்டுக்குச் சமம். இரவுக்கு 8 யூனிட் என்று வைத்தால், ஒரு வருடம் தினமும் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டியதற்கு ஈடு! 5 நட்சத்திர ஏசி வாங்கி மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு லீக் விழுங்கிவிடும். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ் பரவாயில்லை, 1 கிலோவுக்கு 675 கிலோதான். பழைய ஆர்-22 என்றால் 1,810, கூடவே ஓசோனையும் கெடுக்கும். அதனால்தான் 2030-க்குள் அதை நிறுத்துகிறார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உள் யூனிட்டின் குளிர்க் குழாயில் (காயில்) ஐஸ் கட்டினாலே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். பில்டர் அழுக்காகிக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். கேஸ்தான் குறைவு என்றால், முதலில் நைட்ரஜன் பிரஷர் கொடுத்து லீக்கைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வாக்கம் பம்ப் போட வேண்டும். கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கிறது. தராசு கொண்டுவராதவர் குத்துமதிப்பாகத்தான் ஏற்றுவார், கூடினாலும் கரண்ட் இழுக்கும். வீடு மாறும்போதும் இதே கவனம் வேண்டும். பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோரில் அடைத்த பிறகே நட்டைக் கழற்ற வேண்டும். "புஸ்" என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அவுட்டோர் யூனிட்டைக் கூண்டுக்குள் அடைப்பது

திருட்டுக்குப் பயந்து நான்கு பக்கமும் தகரம் அடித்துவிடுகிறார்கள். அது விட்ட சூட்டையே திரும்ப இழுத்துத் திணறுகிறது. கம்பி வலை போதும், முன்பக்கம் திறந்திருக்கட்டும். மேற்குச் சுவரில் மாட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது.

நட்சத்திரத்தை எண்ணி, வருடத்தைப் பார்க்காமல் விடுவது

2022 ஜூலையில் ஏசிக்கான நட்சத்திர அளவுகோலை உயர்த்தியபோது, 5 நட்சத்திரமாக இருந்தவை பெரும்பாலும் 4-க்கு இறங்கின. தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்கும்போது லேபிளில் உள்ள வருடத்தையும், கரண்டை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திக் குளிரூட்டுகிறது என்று காட்டும் ஐஎஸ்இஇஆர் (ISEER) எண்ணையும் பாருங்கள். அந்த எண் கூடக் கூட நல்லது.

பழைய பிரிட்ஜை மாடிக்கு ஏற்றுவது

புதிது வாங்கியும் பழையது மாவு வைக்க என்று ஓடினால், நீங்கள் எதையும் குறைக்கவில்லை.

மே மாதத்தில் கீசர்

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிறது. அணையுங்கள்.

பழைய ஏசியை எடைக்குப் போடுவது

செப்புக்காகக் குழாயை அறுப்பார்கள், மிச்சமிருக்கும் கேஸ் அந்த நொடியே காற்றில் போகும். ரெக்கவரி மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, கேஸைச் சிலிண்டரில் எடுத்த பிறகு கொடுங்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் போடுவதானால், பழையது பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போகிறதா என்று பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.