மீனவர் பிரச்சினை நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையாவது எப்படி? கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் பக்கத்துக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை நீட்டினார். மீனவர் நிவாரணம் பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரை செய்ததாகச் செய்தி. "இதுக்கு நாமளும் ஒரு மனு போடலாமா தம்பி?" என்று கேட்டார். அறிக்கை தாக்கலாகிவிட்டது, மனு போடும் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் வேறு ஒரு வாசல் திறந்தே இருந்தது. அது அன்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லத் தவறியதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சரியான குழுவைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு துறையின் வேலையையும் ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுக்களே துறைவாரி நிலைக்குழுக்கள். இவை 1993இல் தொடங்கின. அப்போது 17. 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. குழுவின் ஆயுள் ஒரு வருடம், பிறகு புதிதாக அமைப்பார்கள்.

மீன்வளத்துறையைப் பார்க்கும் குழுவின் பெயரில் 'மீன்' என்ற சொல்லே கிடையாது. வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, உணவு பதப்படுத்துதல் நிலைக்குழு என்றுதான் பெயர். செய்தியில் "வேளாண் நிலைக்குழு" என்று வந்தால் நம் ஆட்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். இனிமேல் திருப்பாதீர்கள்.

எல்லாக் கடல் பிரச்சினையும் இந்தக் குழுவுக்குப் போகாது. இலங்கைக் கடற்படை பிடித்த படகு வெளியுறவுக் குழுவுக்கு உரியது. இறால் ஏற்றுமதி வணிகக் குழுவுக்கு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலமும், ஆலைக் கழிவு கடலில் கலப்பதும் சுற்றுச்சூழல் குழுவுக்கு. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இந்தக் கடைசி வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் 'மீன்வளம்' மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57ஆவது இனம். அதனால்தான் மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலைச் சண்டை இவ்வளவு சிக்கலாக இருக்கிறது. 12 மைலுக்குள் அந்த வலையைத் தடுப்பது தமிழ்நாட்டின் சட்டம். அதற்கு வெளியே வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் பிடிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நல்லவாட்டிலிருந்து தாழங்குடா வரை கரையோரமாக வந்தால் நடுவில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கி ஆட்சியே மாறிவிடுகிறது, இது வேறு. உங்கள் குறை எந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள். மாநிலச் சட்டத்தைப் பற்றி டெல்லிக் குழுவுக்கு எழுதுவது, பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தில் நம் ஊர் வழக்கை வைப்பது போல.

படி 2: குழு என்ன எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்

குழுவுக்கு வேலை மூன்று வழியில் வருகிறது. பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வந்தபின் அவைகள் இடைவேளைக்குக் கலையும். அப்போது துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்த வருடச் செலவுக்குத் துறை கேட்கும் பணத்தை, குழு ஆராயும். ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் ஏன் என்று கேட்கும். அடுத்தது, அவை அனுப்பிவைக்கும் மசோதா. மூன்றாவது, குழு தானே வருடத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் தலைப்புகள்.

நமக்கு மிகவும் பயன்படுவது இந்த மூன்றாவதுதான். குழு இதற்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும், சில சமயம் கடற்கரைக்கே வந்து பார்க்கும், பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கும்.

அன்றாட நிர்வாகத்துக்குள் குழு நுழையக் கூடாது என்று விதியே இருக்கிறது. "என் படகுக்கு மானியம் வரவில்லை" என்ற தனிக் குறையை அது எடுக்காது. "இந்தத் திட்டத்தில் மானியம் போய்ச் சேரத் தாமதமாகிறது, காரணம் இது" என்றால் எடுக்கும்.

படி 3: மனு எழுதுங்கள். உங்கள் கை ஓங்கியிருக்கும் இடம் இதுதான்

குழு கருத்துக் கேட்டால் செய்தித்தாளிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் அறிவிப்பு வரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். நம் மொழியில் கேட்கும் காலம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் தமிழில் எழுதி, பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்றபின் மொழிபெயர்ப்பதே நல்லது. நேரில் வந்து சொல்ல விருப்பம் இருந்தால் அதையும் மனுவில் குறிப்பிட வேண்டும். குழு விரும்பினால் கூப்பிடும்.

எப்படி எழுதுவது? ஒரு உதாரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2020இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் சேமிப்பு–நிவாரணம் என்று ஒரு பகுதி உண்டு. மீனவர் 1500 ரூபாய் சேமிக்க வேண்டும், அரசு 3000 போடும். மொத்தம் 4500, மாதம் 1500 வீதம் மூன்று மாதம்.

"நிவாரணம் போதாது, உயர்த்தித் தர வேண்டும்" என்று எழுதினால் அது நூறு மனுக்களில் ஒன்றாகப் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "மாதம் கிடைக்கும் 1500 ரூபாயில் 500 எங்கள் சேமிப்பே. அரசு தரும் 3000 ரூபாயை 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 ரூபாய்கூட வரவில்லை. எங்கள் ஊரில் இத்தனை குடும்பத்துக்குத் தடைக்காலம் முடிந்த பிறகே பணம் வந்தது. தடை தொடங்கும் முன்பே வரவு வைக்க வழி செய்ய வேண்டும்." கணக்கு, சாட்சி, கோரிக்கை மூன்றும் வந்துவிட்டன. அதிகாரிகளைக் கேள்வி கேட்க உறுப்பினருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் வீடு வீடாகப் போய் எடுங்கள், தோராயமாகப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும். அதை முன்கூட்டியே வாட்சப்பில் சுற்றவிட்டால் நாடாளுமன்ற உரிமை மீறலாகலாம். பத்திரமாக வையுங்கள்.

படி 4: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

குழுக் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கும். நேரலை கிடையாது. துறைச் செயலரும் அதிகாரிகளும் சாட்சிகளாக வருவார்கள். கேள்விகள் முன்பே எழுத்தில் போயிருக்கும். நேரில் பதில் சொல்ல முடியாததற்குப் பிறகு எழுத்தில் பதில் தர வேண்டும். குழு தனக்குள் கலந்து பேசும்போது சாட்சிகள் வெளியே போய்விடுவார்கள்.

கதவு மூடியிருப்பது நமக்குக் கெடுதல் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கேமரா இல்லாத இடத்தில் ஆளுங்கட்சி உறுப்பினரும் அதிகாரியைக் கூர்மையாகக் கேட்க முடிகிறது.

படி 5: வரைவறிக்கை ஏற்கப்படும் நாள்

சாட்சியமும் பதில்களும் சேர்ந்தபின் நாடாளுமன்றச் செயலக அதிகாரிகள் வரைவறிக்கை எழுதுவார்கள், தலைவர் பார்ப்பார், பிறகு அது உறுப்பினர்களுக்குப் போகும். அதன்பின் "வரைவறிக்கையைப் பரிசீலித்து ஏற்றல்" என்ற பொருளோடு கூட்டம் கூடும். கூட்டம் செல்லுபடியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய பத்துப் பேர் இருக்க வேண்டும்.

இங்கே அவையில் நடப்பது போல் பெரிய விவாதத்தை எதிர்பார்க்காதீர்கள். உறுப்பினர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொல்வார்கள், ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்வார்கள். "பரிசீலிக்கலாம்" என்பதை "கடுமையாக வலியுறுத்துகிறது" என்று மாற்றுவதுகூடப் பெரிய விஷயம்தான். மானியக் கோரிக்கை காலத்தில் ஒரே கூட்டத்தில் பல துறைகளின் அறிக்கைகள் ஏற்கப்படுவதும் உண்டு.

அறிக்கை பரந்த கருத்தொற்றுமையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கிறது விதி. நம் ஊர்க் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கி எண்ணுவதில்லை, பேசிப் பேசி எல்லோரும் ஒரு சொல்லுக்கு வருவோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் ஒத்துப்போகாதவர் சொன்னது காற்றோடு போகும். குழுவில் ஒத்துப்போகாத உறுப்பினர் தன் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுக்கலாம், அது அறிக்கையோடு சேர்ந்தே அவைக்குப் போகும். அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் இந்த உரிமை இல்லை.

ஏற்றபின், தகவல் பிழை இருக்கிறதா என்று துறையிடம் சரிபார்த்து அறிக்கையை முடிக்கவும் அவையில் வைக்கவும் தலைவருக்கு அதிகாரம் கொடுப்பார்கள். அவையில் வைக்கும்வரை எல்லாம் ரகசியம்.

படி 6: அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

அறிக்கை வந்ததும் நான் முதலில் பார்ப்பது இணைப்பில் இருக்கும் கூட்டக் குறிப்புகளை. எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள், வரைவு "திருத்தம் இன்றி" ஏற்கப்பட்டதா, "சிறு திருத்தங்களுடன்" ஏற்கப்பட்டதா என்று அங்கே தெரியும். நம் தொகுதி உறுப்பினர் குழுவில் இருந்தால் அவர் பெயர் எத்தனை கூட்டத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் தடித்த எழுத்தில் இருப்பவற்றை மட்டும் படியுங்கள், அவையே பரிந்துரைகள். நமக்கு உரியதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள்

அந்த அண்ணனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அது ஆலோசனை மட்டுமே. ஆனால் அரசு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை தயாரிக்கும். அதன் பெயர் 'நடவடிக்கை எடுத்த அறிக்கை'. அதில் ஐந்து அத்தியாயம். முதல் அத்தியாயம் முக்கியமான பதில்களைப் பற்றிக் குழு சொல்வது. இரண்டில் அரசு ஏற்றவை, மூன்றில் பதிலைப் பார்த்துக் குழு மேலே வற்புறுத்தாமல் விட்டவை, நான்கில் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தில் இறுதிப் பதில் வராதவை.

உங்கள் பரிந்துரை எண் எந்த அத்தியாயத்தில் விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். மூன்றில் இருந்தால் அநேகமாக முடிந்த கதை. துறையின் பதில் கரையில் நடப்பதற்கு மாறாக இருந்தால் அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன் குழுவுக்கு எழுதுங்கள். நான்கிலோ ஐந்திலோ இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. மக்களவைத் தலைவரின் 73ஏ வழிகாட்டுதல்படி, பரிந்துரைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று துறை அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை எண், பரிந்துரை எண், அத்தியாய எண் மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டு, புதுச்சேரியிலோ கடலூரிலோ உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். கேள்வி நேரத்தில் கேட்க அவருக்கு அது போதும். பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு முத்திரை வாங்கிப் பஞ்சாயத்துக் கோப்பில் வையுங்கள்.