அலுவலக பிரிண்டரின் நிர்வாகிக் கடவுச்சொல் தொலைந்துவிட்டால்

பிரிண்டரின் அமைப்புகளை மாற்றக் கேட்கப்படும் நிர்வாகிக் கடவுச்சொல் அச்சிடுவதற்குத் தேவைப்படுவதில்லை என்பதால், அது யாரிடமும் இல்லை என்ற உண்மை, ரூட்டரை மாற்றும் நாளிலோ ஸ்கேன் கோப்புகள் போய்ச் சேரவேண்டிய கணினியை மாற்றும் நாளிலோதான் தெரியவருகிறது. அந்த நேரத்தில் எல்லோருடைய கையும் ரீசெட்டை, அதாவது அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதை, நோக்கித்தான் போகும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

முதலில், பிரிண்டரை நிறுவியவர் பயன்படுத்திய கணினி இன்னும் அலுவலகத்தில் இருந்தால், அதன் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து, பிரிண்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதைக் குறிக்கும் எண்; அதன் அமைப்புப் பக்கம் உலாவியில் இந்த எண்ணில்தான் திறக்கும்) தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால், கடவுச்சொல் ஒருமுறையாவது மாற்றப்பட்டதா என்று யோசிக்க வேண்டும். மாற்றவே இல்லையென்றால், இயந்திரத்தோடு வந்த கடவுச்சொல்லே இன்னும் செல்லும். பிரதர் நிறுவனத்தின் பழைய மாடல்கள் பலவற்றில் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே சொல் இருந்தது. புதியவற்றில் பின்புறத்து ஸ்டிக்கரில் தனிக் கடவுச்சொல் அச்சிடப்பட்டிருக்கும். எப்சன் நிறுவனத்தின் புதிய மாடல்கள் பலவற்றில் வரிசை எண்ணே கடவுச்சொல். இணைக்கப்படும் சாதனங்களுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது முதல் பயன்பாட்டிலேயே அதை மாற்றச் செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறையில் இருப்பதால், இணையத்தில் சுற்றும் பொதுக் கடவுச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் பழைய இயந்திரங்களுக்கே உதவும். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். தவறான முயற்சிகள் கூடினால் சில மாடல்கள் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும்.

இனி ரீசெட்தான் என்றானால், பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற்று, பிரிண்டரின் திரை மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரை மீண்டும் நெட்வொர்க்கில் இணைக்கத் தேவையான ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே ஆகிய எண்கள் அதில் இருக்கும். ஸ்கேன் கோப்புகள் சேரும் ஃபோல்டரின் பாதையையும் அதற்கான பயனர் பெயரையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இதைச் செய்யாமல் ரீசெட் செய்ததால், பிரிண்டர் புதிய ஐபி முகவரியை எடுத்துக்கொண்டது. பழைய முகவரியையே தேடிய கணினிகள் எதிலிருந்தும் அன்று முழுவதும் ஒரு தாளும் அச்சாகவில்லை.

எல்லா ரீசெட்டும் ஒன்றல்ல. பிரதர் மாடல்கள் பலவற்றில் நெட்வொர்க் ரீசெட் மட்டும் செய்தாலே கடவுச்சொல்லும் ஐபி முகவரியும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்; முகவரிப் புத்தகத்தை அழிப்பதற்கு வேறு ரீசெட் உண்டு. ஆகவே, உங்கள் மாடலின் கையேட்டைப் படித்து, தேவையானதை மட்டும் செய்யுங்கள். வாடகைக்கு எடுத்த பெரிய நகலெடுக்கும் இயந்திரமாக இருந்தால் நீங்களே எதையும் தொடாமல் சர்வீஸ் பொறியாளரை அழையுங்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஆவணங்களும் அழிய நேரலாம்.

ரீசெட் முடிந்ததும் பழைய ஐபி முகவரியையே மீண்டும் கொடுத்து, உடனே புதிய கடவுச்சொல்லை அமைத்து, அதை உறையிலிட்டு அலுவலக லாக்கரில் வையுங்கள். பிறகு ஒரு கணினியிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டும், ஒரு தாளை ஸ்கேன் செய்து அது உரிய ஃபோல்டரில் வந்து விழுகிறதா என்று பார்த்தும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.